உங்களுக்குத் தெரியுமா? வற்றும் களப்பும் வீட்டுக் கடல்மீன் தொட்டியும்

வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். வந்து விழும் கலா ஓயா, மீ ஓயா ஆறுகளில் நீர் குறையும் மாதங்களில் புத்தளம் களப்பு கடலைவிட உவர்ப்பாவது இதனால்தான். கரையோர உப்பளங்கள் பிழைப்பதும் இதனால்தான். வீட்டுத் தொட்டியிலும் இதே கதை. நீர்மட்டம் இறங்கினால் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரையே விடுங்கள். கடல்நீரை விட்டால், லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராமில் நிற்கவேண்டிய உப்பு ஏறிக்கொண்டே போகும்.

அதைவிடக் கொடியது அமோனியா. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் பிறக்கும் இது, காரத்தன்மை கூடிய கடல்நீரில் இன்னும் நஞ்சாகிறது. அதை மாற்றியமைக்கும் பக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் மீன்களை விடுவது பெரும் பாவம். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாய்நீரின் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

சிலாபம், முந்தல் பக்கத்து இறால் பண்ணைகள் பல, ஒல்லாந்தர் கால்வாயில் நீர் எடுத்துக் கழிவையும் அதிலேயே விட்டன. 1996இல் வந்த வெண்புள்ளி நோய் பண்ணைக்குப் பண்ணை பரவ அந்தப் பொதுநீர் வழிவிட்டது. வீட்டுத் தொட்டிக்கும் நோய் இப்படி நீர்வழியே வரலாம். அதனால் புதிய மீனைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அது வந்த பையின் நீரைத் தொட்டிக்குள் ஊற்றவே வேண்டாம்.