டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு பேச்சு

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது படிக்கும் பிள்ளை எதையோ விழுங்கிவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியவருகிறது. முதலில் எழுவது உயிர்ப்பயம். அடுத்ததாக யாராவது ஒருவர், "ஜி.ஹெச். போனா போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்பார். அந்தப் பேச்சில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிள்ளையின் உயிரிலிருந்து கழிவது. அந்தத் தயக்கம் தேவையில்லை. ஏன் என்று பார்ப்போம்.

எங்கே போவது?

108-ஐ அழையுங்கள். முதலுதவிக்கு ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. தீவிர சிகிச்சைக்குக் காவிரிப் பாலம் தாண்டி, புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அது கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. குழந்தைகள் நலம், மனநலம் என இரு துறைகளும் அங்கே உண்டு. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். விழுங்கியது என்னவோ, அதன் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். சில நஞ்சுகள் ஓரிரு நாள் கழித்துத்தான் உள்ளுறுப்புகளைத் தாக்கும்.

கேஸ் ஆகுமா?

மருத்துவமனையில் 'ஏ.ஆர்.' என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். காவலர் வந்து விவரம் கேட்கலாம். தண்டனை கிடையாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஆகவே "தெரியாம குடிச்சிருச்சு", "வயித்துவலி" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உடம்புக்கு மட்டும் வைத்தியம் நடக்கும். மனசு பார்க்கப்படாமலே பிள்ளை வீடு திரும்பிவிடும்.

வேறு எதற்கெல்லாம் அவசரப் பிரிவு?

திடீரென்று பேச்சு நின்றுபோவது, காரணமில்லாமல் வெறிகொள்வது, மூச்சடைக்கும் பதற்றம், யாரோ காதில் பேசுவதாகச் சொல்வது, வலிப்புபோல வெட்டி இழுப்பது. மருத்துவர் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார். மூளைக்காய்ச்சல், சர்க்கரைக் குறைவு, தலையில் அடி, போதைப்பொருள் எல்லாமே மனநோய்போலத் தோற்றம் காட்டும். அவை எதுவும் இல்லை என்று ஆனபின், "சும்மா நடிக்குது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொல்ல முடியாத துயரம் வலிப்பாக வெளிப்படுவது உண்டு. பிள்ளை அதை வேண்டுமென்று செய்வதில்லை.

திருச்சிக்கு மேற்கே குணசீலம் கோயிலில் மனநலம் குன்றியவர்களை 48 நாள் தங்கவைத்து வழிபடும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. ஆனால் நெருக்கடியான ராத்திரியில் முதலில் மருத்துவமனை. வேண்டுதலைப் பிறகு நிறைவேற்றலாம்.

மருத்துவமனையில் என்ன கேட்பார்கள்?

பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் பிள்ளையிடம் தனியாகப் பேசுவது நல்லது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா அம்மா முன்னால் வாய் திறக்காத பிள்ளை அப்போது பேசக்கூடும். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்பார்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. மனசில் கிடப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்.

மனநல சிகிச்சைக்காகச் சேர்க்க நேர்ந்தால், 18 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பாதுகாவலரோ அவர் நியமிக்கும் உதவியாளரோ முழுநேரமும் உடனிருக்க வேண்டும். பெண்பிள்ளை என்றால், பாதுகாவலர் ஆணாக இருக்கும்போது பெண் உதவியாளர் வேண்டும். இவையும் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமைகள். கேட்டுப் பெறுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். உயிர் பிழைத்துவிட்டது என்ற நிம்மதியில் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட 5 இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு சாராரிடம் ஒரு மணி நேரம் பேசி, பின் 18 மாதங்களில் 9 முறை தொடர்புகொண்டு நலம் விசாரித்தார்கள். அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். 2008-இல் வெளியான இந்த ஆய்வு சிறுவர்களுக்கென்று நடத்தப்பட்டதல்ல. ஆனாலும் ஒரு பேச்சும் விடாத விசாரிப்பும் உயிர் காக்கும் என்பது பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் பாடம்.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கியது திருச்சியில்தான், 1997-இல். வசதி இந்த ஊருக்குப் புதிதல்ல. மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் பிள்ளை திரும்பும் முன்பே அப்புறப்படுத்துங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகளுக்கு 1098. மூன்றும் இலவசம். "ஏன் இப்படிப் பண்ணின?" என்று சொந்தக்காரர்கள் யாரும் விசாரணை வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓ.பி. சீட்டில் அடுத்த முறை வரவேண்டிய தேதி எழுதியிருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். அந்தத் தேதியில் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் கூட்டிப் போங்கள்.