சொல்லும் முகவரியும்



போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் என் ஊர். விடியுமுன் ஜீப்பேறி ஏலமலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று, இருட்டும் வேளையில் திரும்புவோர் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் பலர். அத்தகைய குடும்பமொன்றின் மகள், கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், கைபேசியோடு என்னிடம் வந்தாள். “கல்வி உதவித்தொகை பெற இங்கே தொடுக” என்றொரு வரி நீல நிறத்தில் அடிக்கோட்டுடன் இருந்தது. “தாத்தா, இது அரசாங்க முகவரிதானே?” என்றாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முகவரியின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பெயர் இருந்தது. “சரிதான் அம்மா” என்றேன். அன்று மாலைக்குள் அவள் தாயாரின் வங்கிக் கணக்கிலிருந்த மலைக்கூலி முழுவதும் போயிற்று.

முகவரி படிக்க அறியாமலே வழி சொன்னவன் நான். அதன் பின்னர்க் கற்றுக்கொண்டதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

இணையப் பக்கத்தில் உள்ள இணைப்பு இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சொல். மற்றொன்று அதன் பின்னே மறைந்திருக்கும் முகவரி. ஜெனீவா நகரை ஒட்டிய செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், வெவ்வேறு கணினிகளில் உள்ள ஏடுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் திட்டத்தை 1989ஆம் ஆண்டில் முன்வைத்தார். நம் உரையாசிரியர்கள் ஒரு நூலுக்கு உரை எழுதுகையில் வேறொரு நூலைச் சுட்டினால், அந்நூலை நாமே தேடிப் புரட்டவேண்டும். இணைப்பிலோ, விரல் தொட்ட மாத்திரத்தில் சுட்டிய இடத்திற்கே சென்றுவிடுகிறோம்.

ஆயினும், எழுதுபவர் மேலே எச்சொல்லையும் எழுதலாம். உள்ளே எம்முகவரியையும் வைக்கலாம். இரண்டும் பொருந்தவேண்டும் என்று இயந்திரம் வற்புறுத்துவதில்லை. கைகாட்டிப் பலகையில் ‘போடிமெட்டு’ என்று எழுதி, அதைத் தேனிப் பக்கம் திருப்பி நட்டாலும் பலகை மறுக்கவா போகிறது?

இனி முகவரியைப் பார்ப்போம். முதலில் வருவது செய்தி செல்லும் முறை. அங்கே காணும் பூட்டுக் குறி, இடையில் பிறர் படிக்காதபடி செய்தி மறைத்து அனுப்பப்படுகிறது என்பதை மட்டுமே காட்டும். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது சான்று ஆகாது. அடுத்து வருவது இடத்தின் பெயர். அதன்பின் ஒற்றைச் சாய்கோடு. அதைத் தொடர்வது, அவ்விடத்தினுள் எந்த ஏடு என்னும் குறிப்பு.

இடப்பெயரை அஞ்சல் உறையில் எழுதும் முகவரிபோலவே படித்தல் வேண்டும். கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் எனச் சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்கிறோம் அல்லவா? தமிழ்நாட்டு அரசின் முகவரியில் ‘டி-என்’, புள்ளி, ‘ஜி-ஓ-வி’, புள்ளி, ‘ஐ-என்’ என வரும். கடைசியில் உள்ள ‘ஐ-என்’ இந்தியாவைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள ‘ஜி-ஓ-வி’ அரசு நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த பெயர் முறையின்படி, கணினியும் கடைசியிலிருந்தே விசாரித்து வந்து, அப்பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடிக்கிறது.

ஏமாற்றுக்காரர் இதைத்தான் பயன்படுத்துகின்றனர். புள்ளிக்கு இடப்புறம் எப்பெயரையும் வைத்துக்கொள்ளும் உரிமை, வலப்புறப் பெயரை வாங்கியவருக்கு உண்டு. தம் வீட்டுக்குக் ‘கோட்டை’ என்று பெயர் சூட்டிவிட்டால், அது சென்னைத் தலைமைச் செயலகம் ஆகிவிடுமா? அன்று நான் வீட்டுப் பெயரைப் படித்தேன். ஊர்ப் பெயரைப் படிக்கவில்லை. ‘ஜி-ஓ-வி’ என்பதும் அம்முகவரியில் இருந்தது. ஆனால் இடையில் இருந்தது. ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னே, இறுதியில் இருந்ததோ யாரோ ஒருவர் விலைக்கு வாங்கிய பெயர்.

ஆகவே, இணைப்பைத் தொடுமுன் அதன்மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் உள்ளிருக்கும் முகவரி தெரியும். ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். ஐயம் எழுந்தால் தொடவேண்டாம்; தெரிந்த முகவரியை நீங்களே தட்டச்சிட்டுச் செல்லுங்கள். பணம் பறிபோனால், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். நாங்கள் மறுநாள்தான் அதனை அறிந்தோம்.

அந்தப் பெண் இப்பொழுது படிப்பைத் தொடர்கிறாள். மலைக்குச் செல்லும் பெண்கள் தங்கள் கைபேசிக்கு வரும் செய்திகளை அவளிடமே காட்டுகின்றனர். அவள் கடைசியிலிருந்து படிக்கிறாள். நீங்களும் உங்கள் வீட்டாருக்கு அவ்வாறு படித்துச் சொல்லுங்கள்.