முதியோரின் நடையையும் கவனியுங்கள்

வயது முதிர்ந்த பெற்றோரை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வருவோர், சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் விரிவாகக் கூறுகின்றனர். நடை எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும், “வயதாகிவிட்டதே, டாக்டர்” என்று முடித்துக்கொள்கின்றனர். நாங்கள் முதலில் அறிய விரும்புவது அந்த நடையைத்தான்.

2017-18 ஆம் ஆண்டுகளில் ‘லாசி’ எனப்படும் முதுமை ஆய்வு நம் நாட்டில் நடைபெற்றது. 45 வயதும் அதற்கு மேலுமானவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000-க்கும் மேற்பட்டோரை ஆய்வாளர்கள் வீடுதேடிச் சென்று சந்தித்தனர். இரத்த அழுத்தத்தோடு கைப்பிடி வலு, நடைவேகம், கண்பார்வை, நினைவாற்றல் ஆகியவற்றையும் அளந்தனர். வருமானம் என்ன, யாருடன் வாழ்கிறார்கள் என்றும் வினவினர். மருத்துவம், மக்கள்தொகையியல், பொருளியல் எனப் பல துறையினர் இதில் கைகோத்ததற்குக் காரணம் உண்டு. முதியவரின் தளர்ச்சி எந்த ஒரு துறைக்குள்ளும் அடங்குவதில்லை.

நம் பகுதியில் நடவும் களையெடுப்புமாக வாழ்ந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். நடவு இயந்திரம் வந்தபின் வயல்வேலை நின்றது. தசைகளுக்கு இருந்த பயிற்சியும் அதோடு நின்றது. பல் விழுந்ததால் கஞ்சியும் ரசஞ்சோறுமே உணவு. மகன் திருப்பூரில். தன் ஒருத்திக்காக எதற்குக் குழம்பு என்று சமையலும் சுருங்குகிறது. ஒரு கண்ணில் புரை. ஒருநாள் இரவு சிறுநீர் கழிக்க எழுந்தவர், விளக்கைப் போடாமல் கொல்லைக்குச் செல்லும்போது விழுகிறார். எங்களிடம் வரும்போது அது இடுப்பெலும்பு முறிவு என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. படுக்கையில் கிடக்க நேர்ந்தால் படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் தொடரக்கூடும். பழைய நடை பலருக்குத் திரும்புவதேயில்லை.

விழுவதற்கு முன்பே இதனை ஓரளவு கண்டறியலாம். சுவரை ஒட்டி ஒரு நாற்காலியை இட்டு, கைகளை மார்பின்மீது கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். அருகில் ஒருவர் நிற்பது அவசியம். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், தசைவலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல். கெண்டைக்காலின் பருத்த பகுதியின் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. என்ற அளவுக்குக் கீழே இருந்தாலும் கவனிக்க வேண்டும். தையற்காரரின் நாடாவே இதற்குப் போதும்.

இழந்த வலுவை மீட்க முடியுமா என்று பலரும் ஐயுறுகின்றனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 1990-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியோர் எட்டு வாரக் கால்பயிற்சியில் தம் தசைவலுவை இரு மடங்குக்கு மேல் பெருக்கிக்கொண்டனர். நம் வீட்டில் அந்த நாற்காலிப் பயிற்சியையே, முதலில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நாள்தோறும் செய்யலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உடையவர்கள் எங்களைக் கேட்டபின் தொடங்குக.

பயிற்சி பயன்தர உணவில் புரதம் வேண்டும். முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது வல்லுநர் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம். மூன்று இட்லியும் சட்னியும் இதற்குப் போதா. குழைய வேகவைத்த பச்சைப்பயறு, உளுந்தங்களி, முட்டை, முள் நீக்கிய மீன், தயிர் ஆகியவை பல் இல்லாதவருக்கும் ஏற்றவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

அடுத்த முறை வரும்போது, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், மருந்துக்கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் எடுத்து வாருங்கள். தலைசுற்றலுக்கும் தள்ளாட்டத்துக்குமான காரணம் சில வேளைகளில் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும். ஓராண்டுக்குள் விழுந்ததுண்டா என்பதையும், அடிபடாமல் விழுந்திருந்தாலும், மறவாமல் கூறுங்கள்.