வளரிளம் பருவமும் சீன மருத்துவமும்: தைவான் வழக்கம் உணர்த்தும் பாடம்

பெண் பிள்ளை பூப்பெய்தும் பருவத்திலும் ஆண் பிள்ளைக்கு மகரக்கட்டு உடையும் பருவத்திலும், மருந்துச் சரக்குகளோடு கோழியைச் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றைக் கொடுக்கும் வழக்கம் தைவான் குடும்பங்களில் இன்றும் நிலவுகிறது. எலும்பை உருமாற்றும் குடிநீர் எனப் பொருள்படும் ‘ஜுவான் கு தாங்’ என்று இச்சாறு அழைக்கப்படுகிறது. தைப்பே நகரின் டிஹுவா தெருவில் உள்ளவை போன்ற மரபு மருந்துக் கடைகளில் இதற்குரிய சரக்குகள் கிடைக்கின்றன. பிள்ளை உயரமாகவும் திடமாகவும் வளர வேண்டும் என்ற பெற்றோரின் ஆசை மதிக்கத்தக்கதே. ஆயினும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொட்டலம் என்பது சீன மருத்துவத்தின் அடிப்படைக்கே முரணானது.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்னும் மூலநூல், பெண்ணின் வளர்ச்சியை ஏழேழு ஆண்டுகளாகவும் ஆணின் வளர்ச்சியை எட்டெட்டு ஆண்டுகளாகவும் பகுத்து, பெண்ணுக்கு 14 வயதிலும் ஆணுக்கு 16 வயதிலும் இனப்பெருக்க ஆற்றலை எழுப்பும் ‘தியன் குய்’ என்னும் சாரம் வந்துசேர்வதாகக் கூறுகிறது. இதற்கு அடிப்படையாகச் சொல்லப்படும் ‘சிறுநீரகம்’, சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பை மட்டுமன்றி, பிறவியில் வாய்த்த உயிர்ச்சத்து, எலும்பு, இனப்பெருக்கம் ஆகியவற்றை ஆளும் செயற்பாட்டுத் தொகுதியைக் குறிக்கும். உணவிலிருந்து அந்தச் சத்தை நாள்தோறும் ஈடுசெய்வது ‘மண்ணீரல்’ எனப்படும் செரிமானத் தொகுதியாகும். ஆகவே, நாடி பிடித்து நாக்கைப் பார்க்கும் மருத்துவர், பசி, மலம், உறக்கம், மாதவிடாயின் போக்கு ஆகியவற்றையும் விசாரித்த பின்னரே மருந்தைத் தீர்மானிக்கிறார்.

இளம் உடலுக்குக் கூட்டுவதைவிடக் குறைப்பதே சில வேளைகளில் சிறந்தது என்பதைச் சோங் அரசமரபுக் காலத்துக் குழந்தை மருத்துவர் சியன் யீ உணர்த்தினார். பெரியவர்களுக்கான எட்டுச் சரக்கு மருந்திலிருந்து, சூட்டைக் கூட்டும் நாபிக் கிழங்கையும் இலவங்கப்பட்டையையும் நீக்கி அவர் அமைத்த ஆறு சரக்கு மருந்து, 1119இல் தொகுக்கப்பட்ட நூலில் இடம்பெற்று, இன்றும் வழங்கிவருகிறது. குழந்தையுடலில் வெம்மை இயல்பாகவே மிகுதி என்பது அவர் கொண்ட காரணம். மான் கொம்பு போன்ற வீரியமான சரக்குகளை ஆராயாமல் ஊட்டும் போக்கு, இந்த நெறியிலிருந்து வெகுவாக விலகியதாகும்.

நவீன உடலியலும் இந்த எச்சரிக்கைக்கு வலுச் சேர்க்கிறது. எலும்பின் நுனிகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை இறுதியில் மூடச் செய்வது, இரு பாலரிலும், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனே. பெண்களின் மிக விரைவான வளர்ச்சி முதல் மாதவிடாய்க்கு முன்பே நிகழ்ந்து, அதன்பின் பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. மட்டுமே எஞ்சுகிறது. எனவே பூப்பெய்திய பின் தரும் குடிநீரிடம் பெரும் உயரத்தை எதிர்பார்க்க இயலாது. பருவமாற்றத்தை முந்தச் செய்யும் எதுவும் உயரத்தைக் குறைக்கவும் கூடும்.

இப்பருவத்தில் தோன்றும் மாதவிடாய் வலிக்கும் ஒரே மருந்து என்பதில்லை: குளிர்ச்சியால் வருவதெனில் இஞ்சி, இலவங்கப்பட்டை, டாங்குய் வேர் ஆகியவற்றையும், மன அழுத்தத்தால் வருவதெனில் வேறு மருந்தையும் மருத்துவர்கள் தேர்கிறார்கள். இத்தகைய மூலிகைகள் பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருவனவாக இருப்பினும், அவற்றின் தரம் போதாது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வு சுட்டியது. அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட சீன மூலிகைகளால் 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பலரின் சிறுநீரகங்கள் பழுதுற்றதும் மறக்கத்தக்கதன்று.

பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ ஆணுக்கு 9 வயதுக்கு முன்போ பருவக் குறிகள் தோன்றினாலும், முறையே 13, 14 வயதாகியும் அவை தோன்றாவிடினும், முதலில் நாட வேண்டியவர் ஹார்மோன் நோய் மருத்துவரே. தைவானில் 1995இல் தொடங்கிய தேசிய நலக் காப்பீடு உரிமம் பெற்ற சீன மருத்துவரின் சிகிச்சையையும் ஏற்பதால், அங்குள்ள பெற்றோர் கடைப் பொட்டலத்தை நம்ப வேண்டிய தேவையில்லை. நிறைவான உணவும் போதிய உறக்கமும் உடலுழைப்பும் அமைந்த பிள்ளைக்கு, தேவை அறிந்து, தேவையான அளவே, உரியவர் தரும் மருந்துதான் இம்மரபின் உண்மையான கொடை.