பல கட்டடங்களில் வாடகைப் பகுதிகள்: பசுமைச் சான்றுக்குப் பதிவு செய்யும் முறை

கொல்கத்தாவின் கிழக்கே உள்ள சால்ட் லேக் நகரம், 1960-களில் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் கொண்டு சதுப்பு நிலத்தை மேடாக்கி அமைக்கப்பட்டதாகும். அதன் ஐந்தாம் பிரிவில் இன்று தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் நிறைந்துள்ளன. நகரின் கிழக்கெல்லையில் பரந்துள்ள 12,500 ஹெக்டேர் ஈரநிலங்கள், மாநகரின் கழிவுநீரை மீன் வளர்ப்புக் குளங்களின் வழியே தூய்மை செய்கின்றன. 2002-இல் இவை ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இத்தகைய சூழலில், கட்டடங்கள் செலவிடும் நீரும் மின்சாரமும் பொதுநலன் சார்ந்தவையாகும்.

இந்தியப் பசுமைக் கட்டடக் கழகம் 2001-இல் தோன்றியது. 2003-இல் ஹைதராபாத்திலுள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 'லீட்' பிளாட்டினம் தரம் பெற்றது. ஐந்தாம் பிரிவின் டெக்னோபோலிஸ் கட்டடம் லீட் தங்கத் தரம் பெற்றதாகும். ஆயினும், கட்டடம் ஒருவருடையதாகவும் அதில் பணிபுரிவோர் வேறொருவரின் ஊழியர்களாகவும் இருக்கும்போது பதிவு சிக்கலாகிறது.

எல்லையை வரையறுத்தல்

வாடகைப் பகுதிகளுக்கென லீட் முறையில் உள்ளமைப்புப் பிரிவு தனியே உண்டு. அதன் நான்காம் பதிப்பின்படி, பகுதி குறைந்தது 22 சதுர மீட்டர் இருத்தல் வேண்டும். கட்டடத்தின் பிற பகுதிகளினின்று தெளிவாகப் பிரிந்திருத்தலும் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனம் மூன்று கட்டடங்களில் மூன்று தளங்களை வாடகைக்கு எடுத்திருப்பதாகக் கொள்வோம். சான்று நிறுவனத்திற்கு உரியதன்று, இடத்திற்கே உரியது. ஆகவே மூன்று இடங்களும் பொதுவாகத் தனித்தனியே பதிவு பெற வேண்டும்.

ஒரே வளாகத்திலுள்ள கட்டடங்களுக்கு இரு வழிகள் உள்ளன. வளாக முறையில், பொதுவான அம்சங்களுக்கான ஆவணங்களை ஒருமுறை அளித்து, ஒவ்வொரு கட்டடத்திற்கும் தனிச் சான்று பெறலாம். குழு முறையில், பெரிதும் ஒத்த கட்டடங்கள் சேர்ந்து ஒரே சான்றைப் பெறும். நகரெங்கும் சிதறியுள்ள இடங்களுக்கு இவை பொருந்தா.

ஒப்பந்தத்தின் பங்கு

மொத்தம் 110 மதிப்பெண்களில் 40 பெற்றால் சான்றும், 50-க்கு வெள்ளியும், 60-க்குத் தங்கமும், 80-க்குப் பிளாட்டினமும் கிட்டும். விளக்கு, வண்ணப்பூச்சு, அறைகலன் ஆகியவற்றை வாடகைதாரரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நீர்ப் பயன்பாட்டை 20 சதவீதம் குறைத்தல் கட்டாயமாகும். கழிவறைகள் பொதுவானவையாயின் உரிமையாளரின் ஒத்துழைப்பு தேவை. கட்டட வாயிலிலிருந்து 25 அடிக்குள் புகைபிடித்தலைத் தடுப்பதும் வாடகைதாரரால் தனித்து இயலாது.

மின்சாரத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. கொல்கத்தாவின் புழுக்கத்தில் குளிர்சாதனமே பெருஞ்செலவாகும். தனி மீட்டரின்றி, பரப்பளவைக் கொண்டு கட்டணம் பகிரப்படுமாயின், சிக்கனம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே விகிதத்தில் செலுத்த நேரிடும். சிக்கனத்திற்கான முதலீட்டை ஒருவர் செய்ய, அதன் பலன் எல்லோருக்கும் பகிரப்படுகிறது. மேற்கு வங்கத்தில் பசுமைக் கட்டடங்களுக்கு அளிக்கப்படும் 10 சதவீதக் கூடுதல் தளப்பரப்புச் சலுகையும் கட்டுவோருக்கே பயன்படுகிறது. வாடகைதாரரை நேரே சென்றடைவதில்லை.

எனவே பதிவுக்கு முன்பே, குத்தகை ஒப்பந்தத்தில் தனி மீட்டர், நீர்க் கருவிகள், புகைத் தடை, தகவல் பரிமாற்றம் ஆகியவற்றைக் குறிப்பிடுதல் இன்றியமையாதது. உள்வேலை முடிந்தபின் இவற்றைக் கேட்டால் சுவரை இடிக்கவும் குழாயை மாற்றவும் நேரிடும்.

சான்றுகளைப் பரிசீலிக்கும் அலுவலர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு தளத்திற்கு அளிக்கப்பட்ட சான்று, முழுக் கட்டடத்திற்கோ அந்நிறுவனத்தின் பிற அலுவலகங்களுக்கோ பொருந்தாது. எந்தக் கட்டடம், எந்தத் தளம், எவ்வளவு பரப்பு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அதன் மதிப்பை அறியவியலும்.