செயலி திறக்கவில்லையா? தேதியைப் பாருங்கள்

லால்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவின் பழைய ஆண்ட்ராய்டு போன் பல மாதமாக பீரோவில் கிடந்தது. சார்ஜ் ஏற்றியதும் உயிர் வந்துவிட்டது. சிம் போடவில்லை, வீட்டு வைஃபையில் இணைத்தேன். வாட்ஸ்அப், யூடியூப், வங்கி ஆப் எதுவும் திறக்க மாட்டேன் என்கிறது. 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று ஒரே பாட்டு. அதே வைஃபையில் என் போன் ஜோராக ஓடுகிறது. கடையில் காட்டினால் 'சாஃப்ட்வேர் போடணும் சார்' என்கிறார்கள். போடலாமா?"

அவசரப்பட வேண்டாம். அந்தப் போனில் இன்று என்ன தேதி காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். 1970 ஜனவரி 1 என்றோ, அந்தப் போன் பிறந்த வருஷத்தில் ஏதோ ஒரு நாள் என்றோ காட்டினால் நோய் தெரிந்துவிட்டது. தேதியைத் திருத்திவிட்டு, ஒரு முறை அணைத்துப் போடுங்கள். கடைக்காரருக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் குடும்பத்தோடு டிபன் சாப்பிடலாம்.

திறக்காத செயலிக்கு மருந்து என்று இணையத்தில் விற்கப்படுவதில் பாதிக்கு மேல் விபூதி. 'ஒரே தட்டலில் வேகம்', 'ரேம் கிளீனர்', இப்போது புதிதாக 'ஏஐ பூஸ்டர்' என்று வரும் செயலிகள் செய்கிற ஒரே உருப்படியான காரியம் விளம்பரம் காட்டுவதுதான். திறந்திருக்கிற செயலிகளை எல்லாம் மூடிவிட்டு 'விடுவித்தேன்' என்று அவை மார்தட்டிக்கொள்ளும் நினைவகத்தை, ஆண்ட்ராய்டு தேவைப்படும்போது தானே விடுவித்துக்கொள்ளும்.

நிஜமான காரணங்கள் சில உண்டு. சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம். செயலியின் புதுப் பதிப்பு உங்கள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டிருக்கலாம். பிழை கூகுள் பக்கமே இருக்கலாம். 2021 மார்ச் 22-23இல் உலகம் முழுக்க ஜிமெயில் உள்பட ஏராளமான செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்ற பொதுவான பகுதியில் பிழை. வெப்வியூவின் புதுப்பிப்பை நீக்கிப் பார்த்த பலர் தப்பினார்கள், மற்றவர்கள் கூகுள் திருத்தம் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் போனை அழித்து முதலிலிருந்து தொடங்கினார்களோ.

இவற்றிலிருந்து தேதிக் கோளாறைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. கால்குலேட்டரையும் கேமராவையும் திறந்து பாருங்கள். அவை திறந்து, இணையம் தேவைப்படுபவை மட்டும் மொத்தமாக முரண்டு பிடித்தால், அதே வைஃபையில் பக்கத்துப் போன் நன்றாக ஓடினால், சந்தேகம் தேதி மீதுதான் போக வேண்டும். ஒரே ஒரு செயலி மட்டும் அடம் பிடித்தால் அது அந்தச் செயலியின் சொந்தப் பிரச்சினை.

தேதிக்கும் செயலிக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் வங்கி ஆப் வங்கியின் கணினியைத் தொடர்புகொள்ளும்போது முதல் கேள்வி, 'நீ உண்மையிலேயே அந்த வங்கிதானா?' என்பது. பதிலாக அந்தக் கணினி ஒரு மின்சான்றிதழை நீட்டும். அதில் பெயர் இருக்கும், வழங்கியவரின் கையொப்பம் இருக்கும், கூடவே இரண்டு தேதிகள் நொடி சுத்தமாக எழுதப்பட்டிருக்கும்: இன்ன நேரம் முதல், இன்ன நேரம் வரை. இந்த மூன்றையும் போன் சரிபார்க்கும். ஒன்று பொருந்தாவிட்டாலும் பேச்சை முறித்துக்கொள்ளும்.

லால்குடியிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்களின் சீசன் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். போன்தான் டி.டி.ஆர். சர்வர்கள்தான் பயணிகள். டி.டி.ஆர். கையில் நாள்காட்டி ஒன்று இருக்கிறது. அதில் 1970 ஜனவரி 1 என்று இருக்கிறது. ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் வாங்கிப் பார்க்கிறார். 'இந்த டிக்கெட் இன்னும் தொடங்கவே இல்லையே, ஐம்பது வருஷம் கழித்து வாருங்கள்' என்று அத்தனை பேரையும் வாளாடியில் இறக்கிவிடுகிறார். டிக்கெட் எல்லாம் அசல். டி.டி.ஆர். நேர்மையானவர். நாள்காட்டி ஒன்றுதான் கோளாறு. வண்டி காலியாக ஸ்ரீரங்கம் தாண்டிப் போகிறது. இதற்குள் செயலி என்ன செய்கிறது? பயணிகள் வராததைப் பார்த்துவிட்டு, 'தண்டவாளம் பழுது' என்று அறிவிக்கிறது. 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்பது அந்த அறிவிப்புதான்.

இங்கே வாட்ஸ்அப்பைப் பாராட்ட வேண்டும். போனின் தேதி தவறு, திருத்துங்கள் என்று அது நேராகவே சொல்லும் வழக்கம் உண்டு. குரோம் உலாவியும் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது அல்லது முந்தியிருக்கிறது என்று சொல்லிவிடும். சொல்லக் காரணம் இருக்கிறது: குரோமில் வரும் சான்றிதழ் எச்சரிக்கைகளைக் கூகுள் ஆய்வாளர்கள் அலசி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பயனரின் சொந்தக் கடிகாரமே ஒரு முக்கியக் குற்றவாளியாகச் சிக்கியது. மற்ற செயலிகளோ எல்லாப் பிழையையும் 'நெட் இல்லை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன.

கடிகாரம் ஏன் 1970க்குப் போகிறது? போனுக்குள் இசைக்கவை வடிவில் ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண் 2-இன் 15ஆம் அடுக்கு. அதனால் சில்லு அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் துல்லியமாக ஒரு நொடி கிடைக்கும். எனக்கு இதில் அலுக்காத மகிழ்ச்சி. போனை அணைத்தாலும் பேட்டரியில் மிச்சமுள்ள துளி மின்சாரத்தில் இது அதிர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரி அடியோடு வற்றினால் அதிர்வு நிற்கும், எண்ணிக்கை தொலையும். மறுபடி எழும்போது எண்ணிக்கை சுழி. கணினி உலகில் சுழி என்றால் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. லால்குடியில் விடியற்காலை ஐந்தரை மணி. மேசைக் கணினியில் இதே வேலையைச் செய்வது சிஆர் 2032 என்ற காசு போன்ற பேட்டரி. பழைய கணினியை ஒவ்வொரு நாளும் போடும்போது தேதி பின்னால் போனால், எந்த இணையதளமும் திறக்க மறுத்தால், விண்டோஸை மாற்றுவதற்கு முன் அந்த வில்லையை மாற்றுங்கள்.

சரி, இணையத்தில் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே? பல செல்போன் கோபுரங்கள் சிம் உள்ள போனுக்கு நேரம் சொல்லும். சிம் இல்லாவிட்டால் என்.டி.பி. என்ற முறையில் இணையத்தில் ஒரு நேர சர்வரைக் கேட்கலாம். இரண்டும் நடக்க 'தானியங்கி நேரம்' என்ற அமைப்பு இயங்க வேண்டும். பழைய போன்களில் அதைப் பெரும்பாலும் அணைத்தது வீட்டுப் பிள்ளைகள். கேண்டி கிரஷில் தேதியை முன்னால் தள்ளினால் உயிர் கிடைக்கும் என்று கண்டுபிடித்த விஞ்ஞானிகள்.

இப்படி நேரம் கேட்பதில்தான் எனக்குப் பிடித்த முடிச்சு இருக்கிறது. சாதாரண என்.டி.பி. பதிலில் கையொப்பம் கிடையாது. டி.டி.ஆர். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பிளாட்பாரத்தில் நிற்கும் யாரோ ஒருவரிடம் தேதி கேட்கிற மாதிரி. அந்த ஆள் போன வருஷம் காலாவதியான டிக்கெட்டை வைத்திருக்கும் கேடியாக இருந்தால், போன வருஷத் தேதியைத்தான் சொல்வான். பிறகு அதே டிக்கெட்டோடு ஏறிவிடுவான். திருடுபோன பழைய சான்றிதழுக்கு இப்படி உயிர் கொடுக்க முடியும். 'சீசன் டிக்கெட் உள்ளவரிடம் மட்டும் தேதி கேட்பேன்' என்று டி.டி.ஆர். முடிவெடுத்தால்? டிக்கெட் செல்லுமா என்று பார்க்கத் தேதி வேண்டும். தேதி தெரிய டிக்கெட் செல்ல வேண்டும். பாவம், அவர் வாளாடியிலேயே நிற்பார். இதை அவிழ்க்கக் கையொப்பமிட்ட நேரம், பல சர்வர்களை ஒப்பிடும் முறை என்று பலவிதமாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். எளிமையான தந்திரம், போனின் மென்பொருள் தயாரான நாளுக்கு முந்தைய எந்தத் தேதியையும் நம்பாமல் இருப்பது. அப்பாவின் போன் தன் பிறந்த வருஷத்தைக் காட்டினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: சான்றிதழ் யோசனையை 1978இல் எம்.ஐ.டி.யில் லோரன் கோன்ஃபெல்டர் தன் இளங்கலை ஆய்வேட்டில் எழுதினார். சான்றிதழ்களுக்கான எக்ஸ்.509 என்ற தரம் 1988இல் வந்தது. என்.டி.பி.யை டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். போதும்.

காலாவதி போனுக்குள்ளேயும் நடக்கும். டி.டி.ஆர். கையில் கையொப்ப மாதிரிகள் கொண்ட ஒரு புத்தகம் உண்டு. எந்தெந்த அதிகாரிகள் போட்ட டிக்கெட் செல்லும் என்ற பட்டியல். அதில் ஒருவர் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ். 2000 செப்டம்பர் 30இல் பணியில் சேர்ந்தார். ஓய்வு 2021 செப்டம்பர் 30, நம் நேரப்படி இரவு 7:31:15. உலகின் கோடிக்கணக்கான இணையதளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதுவரை அவர் கையொப்பத்தையும் நம்பியிருந்தது. அதன் சொந்தக் கையொப்பம் ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களின் புத்தகத்தில் இல்லை. 2020 இறுதியில் அந்த அமைப்பு சொன்ன கணக்குப்படி ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டவை. காப்பாற்றியது ஒரு விசித்திரம்: ஆண்ட்ராய்டு டி.டி.ஆர். பயணியின் தேதியைத்தான் பார்ப்பார். புத்தகத்தில் உள்ள அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டாரா என்று பார்ப்பதில்லை. அதனால் ஓய்வு பெறப்போகிறவரிடமே இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதுவும் 2024 செப்டம்பர் 30இல் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பழைய போன்களில் தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் திறப்பதில்லை. இதற்குத் தேதி திருத்தமும் உதவாது, சாஃப்ட்வேர் போடுவதும் பெரும்பாலும் உதவாது.

திருச்சி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போன போன். நேர மண்டலம் சிங்கப்பூரிலேயே நிற்க, யாரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை மட்டும் திருத்தியிருக்கிறார்கள். கண்ணுக்கு எல்லாம் சரி. உள்ளே போனின் உலக நேரம் இரண்டரை மணி பின்தங்கி இருக்கிறது. துபாய் போன் என்றால் ஒன்றரை மணி முந்தி இருக்கும். சான்றிதழ்களை வழங்கும்போது லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்க நேரத்தை ஒரு மணி பின்தள்ளியே போடும். இப்படிக் கோணலான கடிகாரங்களுக்குக் காட்டும் கருணை அது. சிங்கப்பூர் போனுக்கு அந்தக் கருணை போதாது. அன்று புதிதாகச் சான்றிதழ் வாங்கிப் போட்ட தளம் அதில் ஒன்றரை மணி நேரம் திறக்காது, பிறகு தானாகத் திறக்கும். முப்பது நொடிக்கு ஒரு முறை எண் மாறும் அடையாளச் செயலிகளோ, அந்தப் போன் நேரத்தை நம்பினால், தவறான எண்ணையே தரும்.

'விலை உயர்ந்த போனில் இதெல்லாம் வராது' என்பவர்களுக்கு 2016 பிப்ரவரியை நினைவூட்டலாம். 64 பிட் ஐபோன்களில் தேதியைக் கையால் 1970க்கு மாற்றி அணைத்துப் போட்டால், பிறகு போனே எழவில்லை. தேதியை 1970 மே அல்லது அதற்கு முன்னால் வைத்தால் இப்படி ஆகலாம் என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஐஓஎஸ் 9.3இல் திருத்தியது.

வரும் வருஷங்களில் தேதியின் பிடி இறுகத்தான் போகிறது. இணையதளச் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2020இல் 398 நாளாக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் கூடி எடுத்த முடிவின்படி 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. ஆயுள் குறைந்தால் திருடுபோன சான்றிதழால் வரும் ஆபத்து குறையும், நல்ல காரியம். இன்று கடிகாரம் மூன்று மாதம் பின்தங்கிய போனில் நான்கு மாதப் பழைய சான்றிதழ் செல்லும். 47 நாள் சான்றிதழ் எதுவும் அதில் செல்லாது.

ஆகவே வாசகருக்கு: அமைப்புகளில் 'தானியங்கி தேதி, நேரம்', 'தானியங்கி நேர மண்டலம்' இரண்டையும் இயக்குங்கள். இயக்கியும் மாறாவிட்டால் சில நிமிடம் ஒரு சிம்மைப் போட்டுப் பாருங்கள், இல்லையேல் இன்னொரு போனைப் பார்த்துத் தேதியைக் கையால் வையுங்கள். பிறகும் திறக்காவிட்டால் சேமிப்பிடம், செயலியின் புதுப் பதிப்பு என்று வரிசையாகப் பாருங்கள். போனை முழுசாக அழிப்பது கடைசி வழி. அழித்தாலும் தேதி தவறாகவே இருந்தால் கூகுள் கணக்குக்குள்கூட நுழைய முடியாமல் போகலாம். செயலி எழுதுகிறவர்களுக்கு: சான்றிதழ் நிராகரிக்கப்பட்டதா, இணைப்பு அறுந்ததா என்பது உங்கள் நிரலுக்கு நன்றாகவே தெரியும். அதைப் பயனரிடம் சொல்ல ஏஐ தேவையில்லை, நாலு வரி போதும்.