பாஸ் இருந்தால்தான் நாயகன் வருவான்: ஒரு தோற்றுப்போன விளையாட்டுப் பெட்டியின் கதை

2006 ஒக்டோபரில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வந்தது. பெயர் ஹைப்பர்ஸ்கான். செய்தது மட்டல் நிறுவனம், பார்பி பொம்மை செய்கிற அதே மட்டல்தான். விலை 70 டொலர். பெட்டியோடு எக்ஸ்மென் விளையாட்டு இறுவட்டு ஒன்றும் சில அட்டைகளும் கிடைத்தன. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நாயகனோ ஒரு சக்தியோ இருக்கும். அட்டையைப் பெட்டியின் மேல் காட்டினால் அவன் திரைக்கு வருவான். அடுத்த வருடமே விற்பனை நின்றுபோனது. 'பிசி வேர்ல்ட்' சஞ்சிகை, இதுவரை வந்தவற்றில் மிக மோசமான பத்து விளையாட்டுப் பெட்டிகள் என்று ஒரு வரிசை போட்டபோது இதையும் அதில் சேர்த்தது.

அந்த ஒக்டோபரில் வன்னியில் யாரும் இதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. பால்மாவும் மருந்தும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு ஏன் இப்போது இதை எழுத வேண்டும்? 'கேம் இலவசம் என்றுதானே சொன்னான், பிறகு ஏன் காசு கேட்கிறான்' என்று கிளிநொச்சியில் தாய்மார் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசி விளையாட்டுகளைப் பற்றிய அந்தக் கேள்விக்கு, இந்தப் பழைய பெட்டியைத் திறந்து காட்டினால் பதில் சுலபமாக விளங்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அட்டை. அதற்குள் பற்றறி கிடையாது. ஒரு சின்னச் சில்லும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் மட்டும்தான். பெட்டியிலுள்ள வாசிப்பான் தன்னைச் சுற்றி மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அட்டை கிட்ட வந்ததும் அந்தக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, சில்லு விழித்துக்கொண்டு தன்னிடமுள்ள தகவலைச் சொல்கிறது. எங்களுடைய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றறி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். அங்கே காந்தம் சுழன்றது, இங்கே காந்தப் புலம் மாறுகிறது. இரண்டும் மின்காந்தத் தூண்டல்தான். ஹைப்பர்ஸ்கான் பயன்படுத்திய 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையைத்தான் இன்று கடையில் தட்டிவிட்டுப் போகும் வங்கி அட்டைகளும் பயன்படுத்துகின்றன. ஆக, தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது.

அந்த அட்டை எழுதவும் செய்யும். விளையாடும் பிள்ளை நாயகனைப் பலப்படுத்தினால் அந்த விபரம் அட்டையில் பதிவாகும். அட்டையைக் கொண்டுபோய்ச் சிநேகிதன் வீட்டுப் பெட்டியில் காட்டினாலும் நாயகன் அதே பலத்தோடு வருவான். கேட்க நல்ல யோசனைதான்.

ஆனால் அட்டையில் இருப்பது ஒருசில எழுத்துகள் அளவுத் தகவல் மட்டும். வொல்வரினின் படம், அசைவு, குரல் எல்லாம் இறுவட்டிலேயே இருக்கின்றன. அதாவது காசு கொடுத்து இறுவட்டை வாங்கியபோதே நாயகன் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனை வெளியே விடுவதற்கு மட்டும்தான் அட்டை. சுருக்கமாகச் சொன்னால், அது ஒரு பாஸ். வவுனியாவைத் தாண்ட இராணுவத்திடம் ஒரு பாஸ், வன்னியை விட்டு வெளிக்கிட இயக்கத்திடம் ஒரு பாஸ் என்று இரண்டு பக்கமும் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்தப் பாஸ் இலவசமாகவும் கிடைக்கவில்லை. மேலதிக அட்டைப் பொதி ஒன்று 10 டொலர். புதிய விளையாட்டு ஒன்று 20 டொலர். மலிவான பெட்டி என்று நம்பி வாங்கிய பெற்றோர், எல்லா நாயகர்களையும் பார்க்க வேண்டுமென்றால் அட்டைகளுக்கும் காசைக் கொட்ட வேண்டியிருந்தது. எக்ஸ்மென் இருவர் எதிரெதிரே நின்று மோதும் விளையாட்டு. ஆனால் பெட்டியோடு வந்தது ஒரேயொரு கட்டுப்பாட்டுக் கருவி. தம்பியோடு சேர்ந்து விளையாட இன்னொன்றை வாங்க வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இறுவட்டு சுழன்று சுழன்று படம் வருவதற்குள் பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். அதன் பிறகு அட்டை, பிறகு திரும்பவும் காத்திருப்பு. சண்டை தொடங்கினால் ஓர் உதை, ஒரு குத்து, முடிந்தது. பதிவு செய்யப்பட்ட காட்சிகளில் நான் பார்த்தவரை, 2006இல் வந்த விளையாட்டு போலவே இல்லை, பத்து வருடம் பழையதாகத் தெரிகிறது. அடுத்த மாதமே நின்டென்டோவின் வீயும் சோனியின் பிளேஸ்டேஷன் 3உம் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றின் விலை அதிகம்தான். ஆனால் சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 2 அப்போது 130 டொலருக்குக் கிடைத்தது, அதற்கு ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் இருந்தன. ஹைப்பர்ஸ்கானுக்கு மொத்தமே ஐந்து.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. எக்ஸ்மென் சும்மா அடிதடிக் கதை இல்லை. 1963இல் ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் உருவாக்கிய இந்த மனிதர்கள் பிறப்பிலேயே வித்தியாசமானவர்கள். அதனாலேயே சமூகம் அவர்களுக்குப் பயப்படுகிறது, வெறுக்கிறது. 1981இல் வந்த ஒரு கதையில் அவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுத் திரைப்படம் 1944இன் போலந்தில், ஒரு நாசி முகாமின் வாசலில் தொடங்குகிறது. சிறுவன் ஒருவன் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கப்படுகிறான், அவன் கதறும்போது இரும்புப் படலை வளைகிறது. பின்னாளில் மக்னீற்றோ ஆகப்போகிறவன் அவன்தான். நான் அந்தக் காட்சியைப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோதுதான் முதலில் பார்த்தேன். வகுப்பில் மற்றவர்கள் 'எடிட்டிங்' பற்றிக் கதைத்தார்கள். எனக்கு முட்கம்பிதான் தெரிந்தது. 2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் கூடுதலான சனம் வவுனியாவில், பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக்பாமில், கம்பிக்குப் பின்னால் இருந்தது.

அதே திரைப்படத்தில் அரசியல்வாதி ஒருவர் இந்த வித்தியாசமான மனிதர்கள் எல்லோரையும் பதிவு செய்யச் சட்டம் வேண்டும் என்று வாதாடுகிறார். யார் எங்கே இருக்கிறார், என்ன செய்யக்கூடியவர் என்ற பட்டியல் அவருக்கு வேண்டும். அதை எதிர்ப்பதுதான் எக்ஸ்மென் கதையின் உயிர். இப்போது மட்டலின் பெட்டியைப் பாருங்கள். பதிவை எதிர்க்கும் அந்த மனிதர்கள் ஒவ்வொருவரையும் ஓர் அட்டையில் ஏற்றி, பெயரும் பலமும் எழுதி, வாசிப்பானில் காட்டினால்தான் நடமாடலாம் என்று வைத்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கு இது தோன்றவேயில்லை என்றுதான் நினைக்கிறேன். தோன்றியிருந்தால், அட்டை இல்லாமல் தப்பி ஓடுவதையே விளையாட்டாக்கியிருக்கலாம். அதை நானே காசு கொடுத்து வாங்கியிருப்பேன்.

யோசனை தோற்கவில்லை, பெட்டிதான் தோற்றது. 2011இல் அக்டிவிஷன் நிறுவனம் ஸ்கைலேண்டர்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அட்டைக்குப் பதிலாகச் சின்னப் பொம்மை, அதற்குள் அதே வகைச் சில்லு. பிள்ளைகள் பொம்மைக்காகவே வாங்கினார்கள், விற்பனை பல நூறு கோடி டொலரைத் தொட்டது. டிஸ்னியும் 2013இல் இறங்கி 2016இல் கைவிட்டது.

இன்று அட்டையும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். 2017இல் வந்த ஃப்ரீ ஃபயரை இலவசமாகத் தரவிறக்கலாம். உடுப்பும் ஆயுதத்தின் அலங்காரமும் ஏற்கெனவே விளையாட்டுக்குள் இருக்கின்றன, 'டயமண்ட்' வாங்கினால் திறக்கும். தாய்மார் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இலவசம் என்பது உள்ளே வரும் வாசலுக்கு மட்டும், உள்ளே ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனிப் பாஸ். 10 டொலர் அட்டைப் பொதி என்றால் கடைக்குப் போக வேண்டும், அப்பாவிடம் கேட்க வேண்டும், கையில் ஒரு பொருள் மிஞ்சும். இப்போது விரலால் ஒரு தட்டு. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பிய காசு எங்கே போனது என்று தேட ஒரு காகிதத் துண்டும் இருக்காது. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் தொலைபேசியில் காசு கட்டும் வழிக்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள், அதில் வங்கி அட்டை விபரம் பதிந்திருந்தால் அழித்துவிடுங்கள்.

ஹைப்பர்ஸ்கான் இப்போது சேகரிப்பாளர்களின் அலுமாரிகளில் இருக்கிறது. பெட்டி கிடைக்கிறது, இறுவட்டும் கிடைக்கிறது, அட்டைகள்தான் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆர்வலர்கள் சிலர் தங்களிடமுள்ள அட்டைகளின் தகவலைப் படியெடுத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள், இல்லாதவர்களும் அந்த நாயகர்களைத் திறந்து பார்க்கட்டும் என்று.